நானாகச் சேர்த்த ஒரு வரி

கேரள அரசின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவில் தமிழ் மேசைக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒருவர் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருக்காரர், இன்னொருவருக்குத் தெற்கே எல்லைப் பக்கம் என்றார்கள். சந்தோஷம். நான் இருந்தவரை அந்த மேசைக்கு நான் ஒருவன்தான். மேசை என்று சொல்வதே கொஞ்சம் அதிகப்படி. ஜன்னலோரம் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், மழை அடித்தால் தள்ளிப் போட்டுக்கொள்ள ஒரு நாற்காலி, அவ்வளவுதான்.

படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவது, வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்ப்பது எல்லாம் உங்கள் இருவருக்கும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். அதில் உங்களுக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் ஜனங்கள் அப்படியே நம்பி நடந்தது ஒரே ஒரு வரியைத்தான். அது பொய். அதை எழுதச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

முதலில் நம் பிரிவின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இப்போது மாறியிருந்தால் நல்லது. அரசைப் பற்றி வாட்ஸப்பிலும் மற்ற இடங்களிலும் பரவுகிற பொய்யைப் பிடித்து மறுப்பது வேலை. சந்தேகமான செய்தி வந்தால் சம்பந்தப்பட்ட துறைக்கு ஒரு மெயில். அவர்கள் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பதில் போட்டதும் கார்டு தயாராகும். பரவிய செய்தியின் படம் நடுவில், அதன்மேல் குறுக்காகச் சிவப்பு முத்திரை. மலையாளக் கார்டில் 'வியாஜம்' என்றிருக்கும், என் கார்டில் 'பொய்'. 'உண்மை' என்று ஒரு பச்சை முத்திரையும் அந்த டெம்ப்ளேட்டில் இருந்தது. வடிவமைத்தவர் ஜோடி குறையக் கூடாதென்று செய்து வைத்திருக்கலாம். நான் பார்த்து அதை யாரும் எடுத்ததில்லை. உண்மையாக இருந்தால் நாம் ஏன் கார்டு போடப்போகிறோம் என்பது எங்கள் நியாயம்.

கார்டு போட்டால் பொய் அடங்கிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு வதந்தி வந்தது. தட்டுப்பாடு இல்லை என்று காலையிலேயே கார்டு போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் போனில் கூப்பிட்டான். "லேய், நீங்க இல்லன்னு போட்டீங்கல்லா, பின்னேதான் ஜனம் ஓடி வந்துட்டு. ஒரு சாக்கு பாக்கி இல்ல கேட்டியா. நாளைக்கு சீனிக்கும் ஒண்ணு போட்டு விடு" என்றான். போதாததற்கு என் வீட்டுக்காரியும் நாலு பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். கேட்டால், "கவர்மென்ட் இல்லன்னு சொன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்" என்கிறாள். எங்களை யாரும் நம்புவதில்லை என்பது அந்த நாட்களில் எனக்கு ஒரு வேடிக்கை. நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததேயில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. நம் மாநிலத்தின் பொது சுகாதாரத்தைப் பார்த்துவிட்டுப் போய் எழுதவும் பேசவும் வந்தவர்கள், கூடவே சில பத்திரிகைக்காரர்கள். கடற்கரை ஹோட்டலில் தங்கல். 'ஸாஃப்ட் பவர்' என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம். பட்டாளமும் பணமும் இல்லாமல் நல்ல பெயரால் மட்டும் மற்றவர்களை நம் பக்கம் இழுப்பது என்று ஒரு அதிகாரி வந்து வகுப்பெடுத்தார். விருந்தினர் பைக்குள் மலைத் தேயிலை ஒரு டப்பாவும் வைத்தோம். அதன்மேல் ஒட்டிய இரண்டு வரி ஆங்கிலத்தைச் சரிபார்க்க மூன்று கூட்டங்கள் நடந்தன.

மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு அந்தக் குரல் பதிவு என்னிடம் வந்தது. அதற்கு முன்பே அது தமிழ்நாடு முழுவதும் சுற்றியிருந்தது. சென்னையிலிருந்து யாரோ அனுப்ப, காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் நம் செயலாளரிடமே கேட்டுவிட்டாராம். பன்னிரண்டு மணிக்குள் மறுப்பு வந்தாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு.

பதிவோடு ஒட்டி ஒரு படம் வந்தது. ஒரு கூடத்தின் வெறுந்தரையில் வரிசையாக ஆட்கள் கிடக்கிறார்கள், மேலே குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்குகின்றன. 'கேரள மலையில் தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள், அரசு மறைக்கிறது' என்று தலைப்பு. நம் ஜில்லாவிலேயே மலைமேல் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட். பெயர் வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு பெண் பேசினார்.

"நாலாம் லயத்துப் புஷ்பம் பேசுதேன். எல்லாரும் கேட்டுக்கோங்க. மேல் டேங்குத் தண்ணியப் பச்சையாக் குடிக்காதீங்க. மூணு வீட்ல காய்ச்சலு, கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துருக்கோம். கொதிக்க வச்சுக் குடிங்க. எங்க ஜெயாவுக்கு ஏழு மாசம். அவகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கு. பொம்பளைங்க நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க."

இவ்வளவுதான். அரசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, யார் மேலும் புகார் இல்லை. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளின் பெண்கள் ஏழெட்டுப் பேர் வைத்திருந்த குழுவுக்குப் பேசியது. அது எப்படியோ வெளியே வந்து, யாரோ அதன் தலையில் வேறொரு படத்தையும் தலைப்பையும் கட்டி விட்டிருக்கிறார்கள். இதை இன்று எழுதும்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள். அன்று எனக்குப் படம்தான் கண்ணில் பட்டது.

படத்தைப் பத்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டேன். வடக்கே எங்கோ வெள்ள நிவாரண முகாமில் பல வருஷங்களுக்கு முன் எடுத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து தோளில் தட்டினார்கள். பதினொன்றரைக்கு அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பதில் வந்தது. மஞ்சள் காமாலை ஒன்றுகூடப் பதிவாகவில்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த மேடம் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மலையாளி. சினிமா பார்த்துக் கற்ற தமிழில் என்னோடு பேசுவார். நம் ஆபீஸ் வழக்கப்படி அவர் என்னை சாரே என்பார். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "சாரே, அந்த வாய்ஸ்ல எந்தா சொல்றாங்க?" என்று கேட்டார்.

நான் இரண்டு வரியில் சொன்னேன். தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறாள், மூன்று வீட்டில் காய்ச்சல், கண் மஞ்சள் என்கிறாள். கீழாநெல்லியைச் சொல்லவில்லை. சுருக்கத்தில் அதற்கு இடமில்லை என்று விட்டுவிட்டேன். காமாலை கண்டால் நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நானே குடித்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு ஜீப் போகிற மலையில் சுகாதார நிலையத்துப் பதிவேடு வெறுமையாகத்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லை மேடத்திடம் சொல்லியிருந்தால் அவர் யோசித்து நின்றிருப்பார். மலையாளிகளுக்கும் கீழாநெல்லி தெரியும்.

"வாய்ஸும் ஃபேக்தானா? ஒறப்பா?" என்றார் மேடம்.

"படம் ஃபேக்னா வாய்ஸ் மட்டும் எப்படி மேடம் சரியா இருக்கும்?" என்றேன். என் முப்பது வருஷ சர்வீஸில் நான் சொன்ன மிக முட்டாள்தனமான வாக்கியம் அது. மணி பதினொன்று ஐம்பது.

கார்டு செய்தேன். படம், குரல் பதிவின் ஸ்க்ரீன்ஷாட், அதில் தெரிந்த புஷ்பத்தின் பெயர், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குறுக்கே சிவப்பில் 'பொய்'. பெயரை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. மலையாளத்தில் விளக்கம் நான்கு வரி, தமிழில் அது மூன்றே வரியில் அடங்கிவிட்டது. கீழே கொஞ்சம் வெள்ளையாக இடம் மிச்சம். பார்க்க மொட்டையாக இருந்தது. அந்த இடத்தை நிரப்ப நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'தண்ணீர் பாதுகாப்பானது, அச்சமின்றிப் பருகலாம்.'

எழுதிவிட்டு வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. பருகலாம் என்ற சொல்லில் எனக்கு ஒரு பெருமைகூட. தண்ணீரை யார் சோதித்தார்கள் என்று மேடம் கேட்கவில்லை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "ஸ்பேஸ் எல்லாம் செரி அல்லே?" என்று மட்டும் கேட்டார். தம்பிமாரே, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மேசையில் நீங்கள் எழுதுவதைப் படிக்க உங்களுக்கு மேலே ஆள் கிடையாது. உங்கள் கையெழுத்துதான் கடைசிக் கையெழுத்து.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கார்டு போனது. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் திருப்தியாகிவிட்டார் என்று மாலையில் செய்தி வந்தது. குழு தேயிலை டப்பாவோடு ஊர் திரும்பியது. என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன்.

ஏழு வாரம் கழித்து சுகாதாரத் துறையிலிருந்து ஒரு குறிப்பும் நோயாளிகள் பட்டியலும் வந்தன. அதே எஸ்டேட்டில் மஞ்சள் காமாலை பரவியிருக்கிறது, மேல் தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்து கழிவுநீர் கலந்திருக்கிறது, ஊடகங்கள் கேட்டால் சொல்ல வேண்டிய பதில் இது என்று இருந்தது. பட்டியலின் கடைசியில் ஒரு பெயர். ஜெயா, எட்டு மாதக் கர்ப்பிணி. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இரண்டாம் நாள் இறப்பு. குழந்தையும் தப்பவில்லை.

எனக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது அந்த ஆபீஸில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பழைய பதிவைத் தேடி எடுத்து மறுபடி கேட்டேன். 'அவகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கு.' ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்தைந்து வயது எனக்கு அப்போது, ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது.

முகம் கழுவிக்கொண்டு மேடத்திடம் போனேன். கீழாநெல்லி, ஜெயா, நான் சேர்த்த வரி எல்லாவற்றையும் சொன்னேன். திருத்தம் ஒன்று போட வேண்டும் என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி ஒரு வடநாட்டுத் தொழிலாளியைக் கூட்டம் வளைத்தபோது, மேடம் கால் மணி நேரத்தில் போட்ட கார்டைக் காட்டித்தான் ஒரு ஆட்டோக்காரர் அந்த மனிதனை உயிரோடு வெளியே கொண்டுவந்தார். அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

"சாரே, நாம திருத்து போட்டா நாளைக்கு நம்ம எல்லா கார்டும் வியாஜம்னு சொல்லுவாங்க" என்றார். "அப்புறம் இன்னொருத்தன கூட்டம் பிடிச்சு அடிக்கும்போது யாரு நம்மள நம்புவாங்க? நீங்களே சொல்லுங்க."

அதற்குப் பதில் இன்றும் எனக்கு முழுசாகத் தெரியாது. "செரி மேடம்" என்றேன். உள்ளதைச் சொன்னால், அப்படிச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மாலை மூன்று மணிக்குக் கார்டை நம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம். அப்படி ஒன்று இருந்ததாகவே இனி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கல்யாண வீடு என்று பொய் சொல்லிவிட்டுக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். கடைசி ஆறு கிலோமீட்டர் ஜீப்பில் போனேன். நாலாம் லயம் எது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. லயத்து முனையில் குழாயடி. அதன் பக்கத்துச் சுவரில் என் கார்டு. எஸ்டேட் ஆபீஸிலிருந்து பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். சிவப்பு கொஞ்சமும் வெளுக்கவில்லை. அதன் கீழே ஒரு பெண் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

புஷ்பம் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், ஒல்லி. திருவனந்தபுரத்தில் கவர்மென்ட் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் பயந்து எழுந்து நின்றார்.

"நான் அப்பவே எழுதிக் குடுத்துட்டேன் சார். இனிமே எதுவும் பேச மாட்டேன்னு. வதந்தி பரப்புனேன்னு போலீஸ்காரங்க மலையாளத்துல எழுதி வச்சிருந்தாங்க, நான் ஒப்புப் போட்டேன்."

அதற்காக வரவில்லை என்று புரியவைக்கவே நேரமானது. உள்ளே உட்காரச் சொன்னார். பால் விடாத கட்டஞ்சாயா போட்டுத் தந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஜெயா அவருடைய தம்பி மனைவி என்று தெரிந்துகொண்டேன்.

"முதல்ல நான் சொன்னதக் கேட்டுக் கொதிக்க வச்சுத்தான் சார் குடிச்சா. விறகெல்லாம் ஈரம், பாவம், ஊதி ஊதிக் கண்ணு எரியும் அவளுக்கு. அப்புறம் செவப்பு முத்திர போட்ட அந்தப் படம் எல்லார் போன்லயும் வந்துட்டு. கவர்மென்ட்டே தமிழ்ல போட்டுருக்கு மதினி, நீங்க என்ன டாக்டரான்னு கேட்டா. லயமே சிரிச்சுது. எனக்கும் சந்தேகம் வந்துட்டு சார், நாமதான் தப்பாச் சொல்லிட்டோமோன்னு."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரேஷன் நோட்டீசு, ஓட்டு நோட்டீசு, ஆஸ்பத்திரி நோட்டீசு, எல்லாம் மலையாளத்துலதான் சார் வரும். எங்க வயசு ஆளுகளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. கவர்மென்ட்ல இருந்து எங்களுக்குன்னு தமிழ்ல வந்தது அது ஒண்ணுதான். எழுதுனவரு நல்லாப் படிச்சவரு போல. பருகலாம்னுல்லாம் போட்டுருந்தாரு."

"அத எழுதுனது நான்தாம்மா" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் எழுந்து போய் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"அப்பன்னா கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்னு நீங்களே எழுதிக் குடுங்க சார். குழாய மாத்திட்டோம்னு சொல்லுதாங்க, எனக்கு நம்பிக்கை இல்ல. பாதிப் பேரு இன்னும் பச்சத்தண்ணிதான் குடிக்காங்க. செவுத்துல இருக்குல்லா, அதக் காட்டுதாங்க."

பெரிய எழுத்தில் எழுதினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கவும். முன்னால் சொன்னது தவறு. கீழே என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புஷ்பம் தாளைக் கிழித்து வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லியா சார்?"

"இல்லம்மா. சீல் ஆபீஸ்ல இருக்கு. இது நானாத்தான் எழுதிக் குடுக்கேன்."

"சீல் இல்லாமத்தான் சார் நானும் சொன்னேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வந்து ஆணிகளைப் பிடுங்கப் பார்த்தேன். கையால் முடியவில்லை, ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனேன். டெம்ப்ளேட்டைத் திறந்து, யாரும் தொடாத அந்தப் பச்சை முத்திரையை எடுத்து, புஷ்பத்தின் குரல் பதிவின்மேல் குறுக்கே வைத்தேன். உண்மை. கீழே, நாலாம் லயத்துப் புஷ்பம் சொன்னது சரி, நாங்கள் சொன்னது பிழை என்று எழுதினேன். அழகுக்கு எதுவும் சேர்க்கவில்லை. மேடத்திடம் காட்ட எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெறும்வரை ஒரு வருஷம், தினமும் அதைத் திறந்து பார்த்து மூடினேன். வெளியிடும் பொத்தானை அழுத்த மூன்று விநாடி போதும். எனக்கு அந்த மூன்று விநாடி துணிச்சல் வரவேயில்லை. பென்ஷன் பேப்பர் எல்லாம் சுத்தமாக இருந்தது.

அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை. கம்ப்யூட்டரை மாற்றாமல் இருந்தால் 'நாலாம் லயம்' என்ற பெயரில் இன்னும் இருக்கும். நீங்கள் இப்போது இரண்டு பேர் இருக்கிறீர்கள், முத்திரையும் உங்களிடம் இருக்கிறது. போன மாதம் அந்தப் பக்கம் போய்வந்த ஜீப்காரரிடம் விசாரித்தேன். சுவரில் என் கார்டு இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.